ஊசி திரும்பினால் சக்கரம்

ஓய்வுபெற்ற ரேடியோக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். விமானங்களுக்கு வழிகாட்டிய பழைய பீக்கன்களை ஒவ்வொன்றாக அணைத்து வருகிறார்கள், அதை வைத்துப் பிழைத்தவர்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று பாஸ்கர் போன் செய்தான். ஒரு காலத்தில் என் கீழ் வேலை பார்த்தவன். "நல்ல சம்பவமா எழுதுங்க சார், படிக்கிறவங்களுக்கு ஒரு உற்சாகம் வரணும்" என்றான். என்னிடம் உற்சாகச் சரக்கு இல்லை. இருப்பதைத் தருகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடட்டும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய கருவி தங்கம், புதியது தகரம் என்று நான் எழுதப் போவதில்லை. பழையதன் லட்சணம் எனக்குத் தெரிந்த அளவுக்கு அதைப் புகழ்கிறவர்களுக்குத் தெரியாது.

பீக்கன் என்பது இவ்வளவுதான். ஓடுபாதைக்கு நேராகக் கொஞ்சம் தள்ளி ஒரு கொட்டகை. அதில் ஆளுயர டிரான்ஸ்மிட்டர். பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பம். கம்பத்தின் அடியிலிருந்து நாலா பக்கமும் மண்ணுக்குள் புதைத்த செம்புக் கம்பிகள். விமானத்தில் ஒரு வட்ட டயலும் அதில் ஓர் ஊசியும் இருக்கும். பீக்கன் எந்தப் பக்கம் இருக்கிறதோ ஊசி அந்தப் பக்கம் காட்டும். எவ்வளவு தூரம் என்று சொல்லாது, எவ்வளவு உயரம் என்று சொல்லாது. அதோ அங்கே என்று மட்டும் சொல்லும். விமானம் பீக்கனின் தலைக்கு மேலே தாண்டும்போது, அதுவரை மூக்கின் பக்கம் நின்ற ஊசி தள்ளாடிச் சுழன்று வால் பக்கம் திரும்பும். தாண்டியாயிற்று என்று அர்த்தம்.

இந்த ஊசிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மற்ற கருவிகள் செத்துப்போனால் டயலில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி விழும், என்னை நம்பாதே என்று. இதற்குக் கொடி கிடையாது. பீக்கன் அணைந்தாலும் ஊசி நின்ற இடத்திலேயே நிற்கும், ஒன்றும் நடக்காத மாதிரி. இடி மழை வந்தால் இன்னும் மோசம். மின்னல் அடிக்கிற பக்கம் திரும்பிக்கொள்ளும். ஆகவே பீக்கன் தன் பெயரை ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். எங்களுடையதற்குப் பெயர் இரண்டு எழுத்து, தந்திச் சத்தத்தில்: சின்னக் கீச்சு குறில், இழுத்த கீச்சு நெடில். முதல் எழுத்துக்கு ஒரு குறில், ஒரு நெடில். கொஞ்சம் இடைவெளி. அடுத்ததற்கு ஒரு நெடில், ஒரு குறில், இரண்டு நெடில். விமானி அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டேதான் ஊசியைப் பார்க்க வேண்டும். சத்தம் நின்றால் ஊசி பொய்.

இதையெல்லாம் விமானப்படையில் கற்றேன். வடக்கே குளிரில் திட்டு வாங்கிக்கொண்டு கற்றேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. படையிலிருந்து வெளியே வந்து பெரம்பலூரில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, 1995இல், அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் ஓடுபாதைக்கு ரேடியோ ஆள் வேண்டும் என்றார்கள். ஆலையின் பெயர் வேண்டாம். ஆறு பேர் உட்காரும் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. முதலாளி வீட்டு ஆட்களும் பெரிய அதிகாரிகளும் சென்னையிலிருந்து அதில் வந்து போவார்கள். ஓடுபாதை முடிகிற இடத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கம். வெட்டி வெட்டி வெள்ளையாகக் கிடக்கும் பெரும் பள்ளம். பீக்கன் கொட்டகைக்கு அடுத்து கலியமூர்த்தி என்பவரின் மக்காச்சோளக் கொல்லை.

கலியமூர்த்தி கொல்லைக்கு வரும்போது டிரான்சிஸ்டர் எடுத்து வருவார். நான் சேர்ந்த வாரமே வேலியோரம் வந்து நின்றார்.

"ஏங்க, உங்க பொட்டி எங்க ரேடியோவுல பூந்துகிட்டு கோழிக்குஞ்சாட்டம் கத்துதுங்க. நியூஸ் கேக்க வுட மாட்டேங்குது."

"அது பிளேனுக்குங்க. தன் பேரைச் சொல்லுது."

"பேரை ஒரு தரம் சொன்னா போதாதுங்களா? நாள் பூரா சொல்லணுமா?"

சொல்லத்தான் வேண்டும் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் பிறகு கரண்ட் போய் பீக்கன் நின்றால், வேலியோரம் வந்து "இன்னிக்கு மூச்சக் காணமே" என்று விசாரிக்கிற அளவுக்குப் பழகிவிட்டார்.

கேப்டன் மனோகரன்தான் எனக்கு மேலதிகாரி. விமானி அவர் ஒருவர்தான். மனைவி இறந்துபோய், ஒரே மகளைப் பெரம்பலூரில் ஒரு கல்லூரி ஆசிரியருக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு, ஆலைக் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். அவருடைய கோபத்தைக் கண்டுபிடிக்க எனக்குச் சில மாதம் ஆனது. சத்தம் போட மாட்டார். கோபம் ஏற ஏற மரியாதை கூடும். 'ங்க' எண்ணிக்கையை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஒருநாள் அவர் இறங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிற்று. நான் அடித்துப் பிடித்து ஓடி ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு வந்து, அப்புறம் ரேடியோவில் சொன்னேன். இறங்கி வந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நல்லதம்பி, கரண்ட் போச்சுன்னா முதல்ல எங்கிட்ட சொல்லுங்க. அப்புறம் ஜெனரேட்டர்கிட்ட ஓடுங்க. ஜெனரேட்டர் எங்கயும் போயிடாதுங்க. நான் போயிட்டே இருப்பேனுங்க."

அவ்வளவுதான் திட்டு. அதற்குப் பிறகு அந்தத் தப்பு நடக்கவில்லை.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் ரேடியோ அறைக்கு வருவார். உட்கார மாட்டார். "குரல் எப்படி இருக்கு?" என்பார். ஹெட்போனைக் கொடுப்பேன். கண்ணை மூடிக்கொண்டு பீக்கன் தன் பெயரைச் சொல்வதைக் கேட்பார். ஆள்காட்டி விரல் தொடையில் தாளம் போடும், குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு ஓர் அழுத்து. பிறகு ஓடுபாதையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து பார்ப்பார். ஆடு மேய்க்கிறவர்கள் அவரைத் தூரத்தில் பார்த்தாலே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

சில நேரம் என்னையும் விமானத்தில் வலப்பக்க இருக்கையில் ஏற்றிக்கொள்வார். அவர் இறங்குகிற முறையை நான் பார்த்தது அப்போதுதான். பீக்கனை நோக்கி வரும்போதே வலது கை, சக்கரத்தை இறக்கும் கைப்பிடியின் மேல் போய் உட்கார்ந்துவிடும். அங்கேயே காத்திருக்கும். ஊசி தள்ளாடித் திரும்பிய அந்தக் கணம் கைப்பிடி கீழே போகும். சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டு மூன்று பச்சை விளக்கு எரியும். குனிந்து அதைப் பார்ப்பார். அட்டையில் எழுதிய வரிசைப்படியும் ஒருமுறை சரிபார்ப்பார், அது விதி. ஆனால் அவர் கைக்கு உத்தரவு போட்டது அட்டை அல்ல. "ஊசி திரும்பினா சக்கரம்" என்பார். "இதை மட்டும் மறந்துட்டா நான் பைலட் இல்லை நல்லதம்பி, கட்டை வண்டிக்காரன்."

சக்கரம் இறங்காமல் வேகத்தைக் குறைத்தால் எச்சரிக்க ஒரு ஹாரனும் அந்த விமானத்தில் உண்டு. சோதனைக்காக ஒருமுறை அடித்துக் காட்டினார். லாரி ஹாரன் மாதிரி காக்பிட் முழுக்க அதிர்ந்தது. செத்தவனும் எழுந்துவிடுவான் என்றேன். சிரித்தார்.

சோதனைப் பறப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். பீக்கனின் சமிக்ஞை எவ்வளவு தூரம் ஒழுங்காகப் போகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை பறந்து பார்ப்போம். நான் சேர்ந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். நல்ல வெயில் அடித்த முற்பகல். ஜெயங்கொண்டம் தாண்டி ஆண்டிமடம் முந்திரிக் காடுகள் வரை போய்த் திரும்பினோம். அவர் கண் டயலில் இருக்க வேண்டும், நான் வெளியே பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு பேர் காதிலும் ஹெட்போன். பீக்கன் சன்னமாகக் கீச்சென்று தன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

பாதி வழியில் அது நின்றுவிட்டது.

கரண்ட் போயிருக்கும் என்று எனக்கு உடனே தெரிந்தது. ஜெனரேட்டரைப் போட வேண்டிய நான் இங்கே வானத்தில் இருந்தேன். மாற்று பேட்டரி கேட்டு எழுதிப் போட்டு மாதக்கணக்காகியும் வரவில்லை. கேப்டன் சொல்வார், திரும்புவார் என்று பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண் டயலில் இருந்தது. ஊசி நேர் எதிரே, மூக்கின் பக்கம், சாதுவாக நின்றது. அவர் இடது கை விரல் ஸ்டியரிங்கின் மேல் தட்டிக்கொண்டிருந்தது. குறில், நெடில். நெடில், குறில், நெடில், நெடில். காதில் ஒரு சத்தமும் இல்லை. விரல் மட்டும் விடாமல் தட்டியது.

கீழே கலியமூர்த்தியின் கொல்லை வந்தது. கொட்டகை வந்தது. கம்பம் எங்கள் காலுக்கடியில் போயிற்று. ஊசி திரும்பவில்லை, இன்னும் முன்னால் முன்னால் என்றே காட்டியது. அவர் வலது கை, கைப்பிடியின் மேல் காத்திருந்தது. சுரங்கத்தின் வெள்ளைப் பள்ளம் வந்துகொண்டிருந்தது.

"சார், குரல் இல்லை" என்றேன்.

விரல் நின்றது. தலையை நிமிர்த்தி வெளியே பார்த்தார். எஞ்சினை முடுக்கி மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி, கண்ணால் பார்த்தே இறக்கினார். வெயில் காலம் என்பதால் ஆபத்து ஒன்றும் இல்லை. மேகத்துக்குள் இருந்திருந்தால் அந்த வெள்ளைப் பள்ளம் கண்ணில் பட்டிருக்காது.

இறங்கியதும் இறக்கையின் நிழலில் நின்றோம். நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார்.

"நீங்க பேசறது கேக்குது. ரேடியோவுல யார் பேசினாலும் கேக்குது. அந்தச் சன்னமான சத்தம்தான் விழ மாட்டேங்குது. ரெண்டு வருஷமாச்சு."

"டாக்டர் டெஸ்ட்ல எப்படி சார்?"

"அவர் கையைப் பார்த்துகிட்டே பட்டனை அமுக்குவேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நல்லதம்பி, எனக்கு வேற எதுவும் இல்லைங்க. வூட்டுக்குப் போனா சுவரு. இதுல உக்காந்தாதான் நான் மனுஷன். நீங்க சொல்லித்தான் ஆகணும்னா சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேனுங்க."

'ங்க' கூடியிருந்தது. ஆனால் அது கோபம் இல்லை.

நான் சொல்லவில்லை. வேறு ஒன்று செய்தேன். பீக்கனின் பெயரை இரண்டு சுருதியில் ஏதாவது ஒன்றில் ஒலிக்க விதி இடம் கொடுத்தது. ஒன்று கீச்சுக் குரல், எல்லோரும் வைப்பது. இன்னொன்று தடித்த குரல், பழைய இடங்களில் இருப்பது. முறைப்படி எழுதி, அனுமதி வாங்கி, டிரான்ஸ்மிட்டரைத் திறந்து குரலை இறக்கினேன். மறுநாள் கேப்டன் வந்து ஹெட்போனை மாட்டினார். கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தபோது ஈரமாக இருந்தது. "வந்துடுச்சுங்க" என்றார்.

வேலியோரம் கலியமூர்த்தி நின்றார். "என்னங்க, உங்க பொட்டிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?"

இதை ஒரு தப்பு என்று இன்று சொல்லும்படி என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். சொல்ல மாட்டேன். கேட்காத காதுக்குக் கேட்கிற குரல் கொடுத்தேன். அதற்குப் பிறகு பல வருடம் அந்த மனிதர் ஒரு குறையும் இல்லாமல் பறந்தார். அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, ஆபீஸ் பலகைகளை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்த காலம் முழுக்க, மழையிலும் சிமென்ட் புழுதியிலும் ஊசி திரும்பச் சக்கரம் இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

2004இல் ஆலை புது விமானம் வாங்கியது. டயல் ஒன்றுகூடக் கிடையாது, இரண்டு பெரிய திரை. வானத்தில் இருக்கும் செயற்கைக்கோளைக் கேட்டு, நம் ஓடுபாதையை வரைபடமாகவே காட்டும். விமானம் ஒரு சின்னப் பொம்மையாக அதன்மேல் நகரும். கேப்டன் பிடிவாதம் பிடிப்பார், பழையதை விட மாட்டார் என்று நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். என்னை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார்.

"பாருங்க, குன்னம் ஏரி. அதோ நம்ம சுரங்கம். மேகத்துல கண்ணு தெரியாட்டியும் இது தெரியும். கெட்டுப்போனா அதுவே எழுதிக் காட்டுது பாருங்க, நம்ம ஊசி மாதிரி கம்முனு பொய் சொல்லாது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இதுக்குக் காது வேண்டாம் நல்லதம்பி. கண்ணு போதும்."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்குப் பொறாமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் முகத்தில் பல வருடம் இல்லாத நிம்மதியைப் பார்த்தபோது அதுவும் அடங்கிப்போயிற்று.

சில மாதத்தில் பீக்கனை நிறுத்திவிடலாம் என்று ஜெனரல் மேனேஜர் உத்தரவு போட்டார். புது விமானத்தில் அதைக் கேட்க ஊசியே இல்லாதபோது யாருக்காகக் கத்துகிறது என்று அவர் கேட்டது நியாயம்தான். கேப்டன் எனக்காக ஒரு வார்த்தையாவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "விட்டுடலாம் நல்லதம்பி. அது பாவம், களைச்சுப் போச்சு" என்றார். நானே சுவிட்சை அணைத்தேன். டிராக்டர் வைத்துச் செம்புக் கம்பிகளைப் பிடுங்கினார்கள். பேச்சு ரேடியோ பார்க்க ஆள் வேண்டும் என்பதால் என்னை வைத்துக்கொண்டார்கள். கலியமூர்த்தி மட்டும் டிரான்சிஸ்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "தெளிவாத்தான் இருக்கு. என்னவோ மாதிரி இருக்குங்க" என்றார்.

அந்த ஊசியோடு இன்னொன்றும் போய்விட்டது என்று அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வருடம் ஐப்பசி. முந்தின நாள் மழை பெய்து, காலையில் பனியும் புழுதியும் கலந்து, ஓடுபாதையின் மறு கோடி கண்ணுக்குத் தெரியவில்லை. சென்னையிலிருந்து விமானம் வந்துகொண்டிருந்தது. கேப்டனுக்குப் பக்கத்து இருக்கையில், காதில் ஹெட்போனோடு, ஜெனரல் மேனேஜர். பின்னால் விருந்தினர் நாலு பேர். நான் ரேடியோ அறையில் இருந்தேன். எஞ்சின் சத்தம் கேட்டது, விமானம் தெரியவில்லை.

"ஓடுபாதைக்கு நேரா வந்துட்டேன் நல்லதம்பி. காத்து எப்படி?"

காற்று இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒன்று கேட்டது. சன்னமாக, மெல்லிசாக, விட்டு விட்டு. விமானத்துக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் ஒலிக்கிற ஒரு மணி, அவர் மைக் வழியாக எனக்கு வந்து விழுந்தது. புது விமானத்தில் எந்த மணிக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அது எதற்கு அடிக்கிறது என்று தெரியவில்லை. அவருக்கு அது கேட்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

வேறு மாதிரி சொல்லியிருக்கலாமா என்று இத்தனை வருடம் யோசித்தும் எனக்கு இன்னொரு வாக்கியம் கிடைக்கவில்லை.

"சார், உங்க பின்னாடி ஒரு மணி அடிக்குது."

அவர் பட்டனை அமுக்கிப் பதில் சொன்னார். நிதானமான, அன்பான குரல்.

"மணியா? இங்க ஒண்ணும் அடிக்கலையே நல்லதம்பி."

அந்தச் சொற்களுக்கு ஊடே மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அதைக் கேட்டவர்கள் இரண்டு பேர். தரையில் நான், அவர் பக்கத்தில் ஜெனரல் மேனேஜர். அந்த மணி வழக்கமாக அடிப்பது, கேப்டனுக்குத் தெரியும் என்று அதுவரை அவர் சும்மா இருந்தாராம். இந்தப் பதிலைக் கேட்டதும் திரும்பி கேப்டனின் முகத்தைப் பார்த்திருக்கிறார். கேப்டன் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறார். பிறகுதான் திரையின் ஓரத்தில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்திருக்கிறார்.

பனிக்குள்ளிருந்து விமானம் வெளியே வந்தபோது நான் பார்த்தேன். வயிறு வழவழவென்று இருந்தது. சக்கரம் இல்லை. எஞ்சின் உறுமி, மூக்கைத் தூக்கி, என் தலைக்கு மேலே போயிற்று. ஒரு சுற்று சுற்றி, மூன்று சக்கரமும் இறக்கி, பூப்போல இறங்கினார். அவ்வளவு அழகாக அவர் இறங்கி நான் பார்த்ததில்லை.

ஊசி இருந்தவரை ஊசி அவர் கைக்குச் சொன்னது. ஊசி போன பிறகு கைக்குச் சொல்ல யாரும் இல்லை. அட்டையை வாசித்தார், பாதி வாசிக்கும்போது ஜெனரல் மேனேஜர் ஏதோ கேட்டிருக்கிறார், பதில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். யாருக்கும் நடக்கக்கூடியது. அதற்காகத்தான் விமானம் செய்தவன் மணி வைத்திருக்கிறான். நல்ல மணி, இனிமையான மணி, லாரி ஹாரன் இல்லை. அவர் காதில் விழாத சுருதி அது ஒன்றுதான். சுருதியை இறக்க முடிந்திருக்குமா என்று பிறகு நான் அந்த மணிப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். சீல் வைத்த பெட்டி. ஸ்குரூ டிரைவர் நுழைய ஓர் இடம் இல்லை.

அன்று மாலை ஜெனரல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. "நல்லதம்பி, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் சார்" என்றேன்.

கேப்டனைச் சென்னைக்கு அனுப்பிக் காதைச் சோதித்தார்கள். இந்த முறை டாக்டரின் கை திரைக்குப் பின்னால் இருந்தது. லைசென்ஸ் போயிற்று. என்னை எடைமேடைக்கு மாற்றினார்கள். சுண்ணாம்புக்கல் லாரி ஏறும், இறங்கும், சீட்டுக் கொடுக்க வேண்டும். கேப்டன் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு போன அன்று நான் எடைமேடையில் இருந்தேன். அவர் கார் என்னைத் தாண்டித்தான் போயிற்று. கண்ணாடி ஏற்றியிருந்தது.

2007இல் நான் ஓய்வு பெற்றேன். மறு மாதம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பெரம்பலூர் துறைமங்கலத்தில் இருந்த அவர் மகள் வீட்டுக்குப் போனேன். முன் அறையில் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை இஸ்திரி கலையாமல் இருந்தது. காது மிஷின் சட்டைப் பையில் கிடந்தது, காதில் இல்லை. இப்போது பேச்சும் விழவில்லை போலிருக்கிறது, என் உதட்டைப் பார்த்தே பேசினார்.

"எடைமேடை எப்படி இருக்கு?"

"முடிஞ்சுதுங்க சார். ரிட்டயர் ஆயிட்டேன்."

"பீக்கன் இடம்?"

"கலியமூர்த்தி குத்தகைக்கு எடுத்துட்டாரு சார். வெங்காயம் போட்டிருக்காரு."

தலையை ஆட்டினார். அவர் மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். அது ஆறி ஆடை கட்டியது. பிறகு சொன்னார்.

"நீங்க அன்னைக்குப் பேசாம இருந்திருக்கலாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"வயித்துல இறங்கியிருக்கும். ரெக்கை ஒடிஞ்சிருக்கும். மிஷின் கோளாறுன்னு எழுதிட்டுப் போயிருப்பாங்க. என் காதை யாரும் தேடியிருக்க மாட்டாங்க."

"உள்ள ஆறு பேர் இருந்தீங்க சார்."

"தெரியும்."

"ஓடுபாதை முடிஞ்சா சுரங்கம் சார்."

"அதுவும் தெரியும். அதுக்கு மேல என்ன ஆயிருந்தாலும் இதைவிடப் பரவாயில்லைன்னு தோணுது நல்லதம்பி."

ஆடு குறுக்கே வந்துவிடுமோ என்று தினமும் வெயிலில் ஓடுபாதையை நடந்து பார்த்த மனிதர் இதைச் சொன்னார். அவர் சுய நினைவில் சொல்லவில்லை என்று எழுதினால் பாஸ்கருக்குப் பிடிக்கும். நல்ல நினைவோடுதான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்க முடியாது, சொன்னதால் இந்த மனிதர் இங்கே இப்படி உட்கார்ந்திருக்கிறார். இதில் எதை மாற்றி வைத்தாலும் கணக்கு நேராகவில்லை. வரேன் சார் என்று எழுந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டதால் என் உதட்டைப் பார்க்கவில்லை.

வாசல் கேட் வரை அவர் மகள் கூட வந்தாள்.

"அப்பா உங்ககிட்டயாவது பேசினாரே. எங்ககிட்ட வாயே திறக்கறதில்லைங்க. நாள் பூரா நாற்காலிக் கையில விரலால தட்டிக்கிட்டே இருக்காரு. அப்புறம் எதிர்ல கையை நீட்டி எதையோ கீழ இறக்குறாரு. மறுபடி முதல்லேருந்து தட்டறாரு. டாக்டர்கிட்ட காட்டணுமாங்க?"

திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் அவர் தெரிந்தார். இடது கை விரல் தட்டிக்கொண்டிருந்தது. குறில், நெடில். நெடில், குறில், நெடில், நெடில். வலது கை காற்றில் ஏதோ ஒன்றின் மேல் காத்திருந்தது. விரல் நின்றது. வலது கை கீழே போயிற்று. பிறகு குனிந்து மூன்று விளக்கும் எரிகிறதா என்று பார்த்தார்.

"வேண்டாம்மா, சரியாத்தான் செய்யறாரு" என்றேன்.